மாத்திரை ஏழு மணிக்கு... சாப்பாடு பத்து மணிக்கு!

விழுப்புரத்தை ஒட்டிய காணை ஒன்றியத்துக் கிராமங்களில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் வாசலில் பைக் வந்து நின்றால், பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். "அப்பா, என்னா வாங்கியாந்த?" என்று கேட்டுக்கொண்டே பார்சலைப் பிரிப்பார்கள். பரோட்டா, சால்னா பாக்கெட், கொஞ்சம் சில்லி சிக்கன். ஏழரைக்கே சோறு சாப்பிட்டுப் படுத்த பிள்ளைக்கு இது இரண்டாவது ராத்திரி சாப்பாடு. சாப்பிட்ட கையோடு படுக்கை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே பிள்ளை, "பசிக்கலம்மா" என்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பும்.

அதே வீட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் ஏழு மணிக்கே மாத்திரையைப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்.

"அத்த, நீங்க சாப்புட்டுப் படுங்க. அவரு வர நேரமாவும்."

"வரட்டும்மா. புள்ள வராம எனக்கு எறங்காது."

மகன் மீது இருக்கும் பாசம்தான். ஆனால், இந்த மூன்று மணி நேர இடைவெளி அந்த அம்மாவுக்கு ஆபத்தாக முடியலாம். எதைச் சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம். அரிசியா கோதுமையா, கடலை எண்ணெயா நல்லெண்ணெயா என்று விவாதம் நடக்கிறது. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதைத்தான் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இனிப்பு குறைந்தாலும் ஆபத்து

முதலில் அந்த மாத்திரை விஷயத்தைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் வருடக்கணக்கில் மெதுவாகச் செய்யும் கெடுதலை, இது ஒரே ராத்திரியில் செய்துவிடும்.

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கதைதான். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் காத்திருந்தால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விடலாம்.

கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் மங்கலாகும், பேச்சு குழறும். "வயசாயிடுச்சு, சும்மா மயக்கம்" என்று வீட்டில் நினைத்துவிடுவதுதான் சிக்கல். தூக்கத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. காலையில் நனைந்த தலையணையும் தலைவலியும்தான் அடையாளம்.

நினைவு இருந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பார்த்து, தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. முன்பு மாத்திரை வாங்க அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போனவர்களுக்கு இது பெரிய உதவி. மாத்திரை கொடுக்க வருபவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது: "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? போட்டுட்டு எவ்ளோ நேரத்துல சாப்புடணும்?"

வௌவால் சொன்ன பாடம்

ராத்திரி தாமதமாகச் சாப்பிட்டால் என்னதான் ஆகும்? வயிறு அதே வயிறுதானே என்று தோன்றும். இல்லை. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையில் மட்டும் அல்ல, கல்லீரல், கணையம், குடல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கு வெகு காலம் முன்பே நம் மதுரையில் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துவைத்தார்கள். சூரியன் எப்போது விழுகிறது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் அது சரியான நேரத்துக்கு விழித்துக்கொண்டது. எப்படி? குகையில் சுதந்திரமாக இருந்த மற்ற வௌவால்கள் மாலையில் கிளம்பிப் போவதையும் விடியலில் திரும்புவதையும் வைத்தே அது தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. 1981-ல் வெளியான இந்த ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது.

வௌவாலையும் மனிதனையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாதுதான். ஆனால் நம் வீடுகளைப் பார்த்தால் அந்தக் குகை ஞாபகம் வராமல் இருக்காது. வீட்டில் கடைசியாக வருபவர் எத்தனை மணிக்கு வருகிறாரோ, அதுதான் மொத்தக் குடும்பத்தின் சாப்பாட்டு நேரமாகிறது. அவருக்குப் பத்தரை என்றால் மனைவிக்குப் பத்தே முக்கால். ஏனென்றால் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை வழித்துச் சாப்பிடுவது அவர்தான். பிறகு பாத்திரம் கழுவிப் படுத்தால், காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க முதலில் எழுவதும் அவர்தான். ராத்திரிச் சாப்பாடு தாமதமானால் அதிகம் பாதிக்கப்படுவது யார் என்று தேட வேண்டியதே இல்லை.

இருட்டினால் இன்சுலினும் சோம்பும்

பொழுது சாய்ந்ததும் மூளை 'மெலடோனின்' என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. 'தூங்கும் நேரம் வந்தாச்சு' என்று உடம்புக்குச் சொல்லும் தண்டோரா இது. கணையத்துக்கும் இந்தச் செய்தி போகிறது. அது இன்சுலின் சுரப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து நான்கு பரோட்டாவை உள்ளே தள்ளினால், அந்தச் சர்க்கரை ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஸ்பெயினில் 845 பேரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வில், தூங்குவதற்கு நான்கு மணி நேரம் முன்பு ஒரு நாளும், ஒரு மணி நேரம் முன்பு இன்னொரு நாளும் ஒரே அளவு சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைத்தார்கள். குடித்தது ஒன்றுதான். ஆனால் தாமதமாகக் குடித்த அன்று இன்சுலின் குறைவாகச் சுரந்தது. ரத்தச் சர்க்கரை சுமார் 8 சதவீதம் கூடுதலாக இருந்தது.

அதே வருடம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இன்னொரு ஆய்வு. உடல் எடை கூடிய 16 பேர். ஒரே சாப்பாடு, ஒரே அளவு, நேரத்தை மட்டும் சுமார் நான்கு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். தள்ளிச் சாப்பிட்ட நாட்களில் அவர்களுக்குப் பசி அதிகமானது, 'வயிறு நிறைந்தது' என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைந்தது, உடம்பு எரிக்கும் கலோரியும் குறைந்தது. ராத்திரி லேட்டாகச் சாப்பிடுகிறவர்கள் மறுநாள் சாயங்காலம் மிக்சர் பாக்கெட்டைத் தேடுவதற்கு வெறும் நாக்கு மட்டும் காரணமில்லை போலிருக்கிறது.

சாப்பிட்ட உடனே படுத்தால் இரைப்பையின் அமிலம் மேலேறுவது எல்லோரும் அனுபவித்த சங்கதி. நெஞ்சு கரிக்கும், புளித்த ஏப்பம் வரும், சிலருக்கு ராத்திரியில் வறட்டு இருமல். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம் விடச் சொல்லி மருத்துவர்கள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 'சாயங்காலத்தோடு சாப்பிட்டால் போதும், எதைச் சாப்பிட்டாலும் எடை குறையும்' என்று யூடியூபில் அளந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். எல்லோருக்கும் கலோரி அளவைக் குறைத்தார்கள். அதில் பாதிப் பேர் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள். கடைசியில் இரு தரப்புக்கும் எடைக் குறைவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, அளவும் முக்கியம். நேரம் அதற்குக் கைகொடுக்கும். ஆறு மணிக்குச் சாப்பிட்டாலும் ஆறு பரோட்டா ஆறு பரோட்டாதான்.

இருட்டும் முன் சாப்பிடும் ஊர்கள்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்கள் இதே விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரக் கிராமங்களில் நயினார்கள் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய நோன்பு. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் சாப்பாட்டில் விழுந்து உயிர் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம். உடம்புக்கு நல்லது என்று யாரும் கணக்குப் போட்டு ஆரம்பித்ததில்லை. செஞ்சி அருகே திருநாதர் குன்றில், 57 நாட்கள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி என்ற ஆசிரியரைப் பற்றிய பழங்காலக் கல்வெட்டே இருக்கிறது. சாப்பாட்டில் கட்டுப்பாடு என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

மற்றக் குடும்பங்களிலும் ஐம்பது வருடத்துக்கு முன்பு நிலைமை வேறுதான். நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் இந்த வட்டாரத்தில் காட்டு வேலை விடியலில் தொடங்கிவிடும். காலையில் கூழோ பழைய சோறோ. சுடச்சுடச் சோறு ஆக்குவது பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில். காடா விளக்கில் எண்ணெய் தீர்வதற்குள் சாப்பிட்டு, மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஒழுக்கம் என்பதைவிட எண்ணெய்ச் செலவுதான் காரணம் என்றும் சொல்லலாம். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. பல வீடுகளில் அந்த ஒருவேளைச் சோறே பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இருந்த இடைவெளி உண்மை.

மின்விளக்கு வந்தது, பிறகு டி.வி. வந்தது, ஏழு மணி முதல் பத்து மணி வரை சீரியல் வந்தது. இப்போது கையில் செல்போன். பதினொரு மணிக்கு ரீல்ஸ் பார்த்துக்கொண்டே காராசேவு கொறிப்பது பசியால் அல்ல. கை சும்மா இருக்க முடியாததால்தான். செல்போன் வெளிச்சம் மெலடோனினையும் தள்ளிப்போடுவதால் தூக்கமும் போகிறது.

'பசிக்கல' என்று சொல்லும் பிள்ளை

பிள்ளைகளுக்கு ராத்திரித் தீனியின் விளைவு காலையில்தான் தெரியும். வயிறு கனத்துக் கிடந்தால் காலையில் பசி எடுக்காது. அப்படியே பள்ளிக்கூடம் போனால் பத்தரை மணிக்குத் தலை சுற்றும், பாடம் ஏறாது, இன்டர்வெல்லில் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ம் தேதி மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே காய்கறி சாம்பார். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் முந்தின நாள் ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா தின்ற பிள்ளை அந்தப் பொங்கலைத் தட்டிலேயே வைத்துவிடும். பார்சல் வாங்கி வரும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளைக்குப் பிடித்ததை வாங்கித் தருவது தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாங்கித் தரலாமே!

படுக்கப்போகும் முன் சர்க்கரை போட்ட பால், பிஸ்கட் கொடுக்கும் வழக்கத்தால் பல்லும் சேர்ந்து கெடுகிறது. பாலை ராத்திரிச் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டு, பல் துலக்கிப் படுக்கவைத்தால் போதும்.

ஐந்து மணி மல்லாட்டை

அப்போ என்னதான் செய்வது? ராத்திரிப் பசியை ராத்திரியில் பிடிக்க முடியாது. சாயங்காலத்திலேயே பிடிக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஐந்து, ஐந்தரைக்குப் பசிக்கும். அப்போது டீயும் இரண்டு பிஸ்கட்டும் போட்டுச் சமாளித்தால் ஒன்பது மணிக்குக் கண்டதையும் தின்னத் தோன்றும்.

அந்த ஐந்து மணிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை போதும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களின் பெயரே திண்டிவனத்திலிருந்து வந்ததுதான். இப்படி ஊரிலேயே விளையும் கடலையை மூட்டையில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாக்கெட்டில் வரும் மசாலா சிப்ஸைக் காசு கொடுத்து வாங்குகிறோம். கடலையில் புரதமும் கொழுப்பும் இருப்பதால் பசி தாங்கும். சுண்டல், அவித்த பயறு, ஒரு முட்டை எதுவானாலும் சரி. உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், குறிப்பாக ரத்த அழுத்தம் இருப்பவர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை ஒரேயடியாக ஆறு மணிக்குக் கொண்டுவருகிறேன் என்று சபதம் எடுத்தால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவோம். பத்து மணி என்பதை ஒரு வாரம் ஒன்பதரை, அடுத்த வாரம் ஒன்பது என்று நகர்த்தலாம். எட்டு மணிக்கு வந்தாலே பெரிய வெற்றி. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். யாரும் யாருக்காகவும் ராத்திரி காத்திருக்க வேண்டாம் என்பதை வீட்டு ஆண்களே வாய்விட்டுச் சொன்னால்தான் பெண்கள் சாப்பிடுவார்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், இன்சுலின் போடுபவர்கள், வளரும் குழந்தைகள் 'ராத்திரி எதுவும் சாப்பிடக் கூடாது' என்று பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் சிலருக்குப் படுக்கும் முன் சிறிதளவு ஏதாவது சாப்பிடச் சொல்லி மருத்துவரே எழுதியிருப்பார். அதை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். மாத்திரை நேரத்தையோ சாப்பாட்டு நேரத்தையோ மாற்றுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. குறைந்தது எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். ராத்திரி பதினொன்றுக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கு ரத்தம் கொடுத்தால் அது வெறும் வயிறு அல்ல.

ராத்திரி வேலைக்காரர்கள் என்ன செய்வது?

விழுப்புரம் தூங்காத ஊர். ஐந்து திசையிலும் தண்டவாளம் பிரியும் பெரிய ஜங்ஷன். அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றின் தலைமையிடம். சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்துகளில் பல திண்டிவனம், விக்கிரவாண்டி சாலையோர ஹோட்டல்களில்தான் நின்று போகும். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆக டிரைவர், கண்டக்டர், ரயில்வே ஊழியர், நர்ஸ், ஹோட்டல் மாஸ்டர் என்று ராத்திரியில் விழித்திருந்து வேலை செய்யும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களிடம் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 19 பேரை ஆய்வுக்கூடத்தில் வைத்து ராத்திரி ஷிப்டு வேலை போலவே விழித்திருக்கவைத்தார்கள். ஒரு பிரிவினர் ராத்திரியிலும் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் ராத்திரி விழித்திருந்தாலும் பகலில் மட்டுமே சாப்பிட்டார்கள். ராத்திரியில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுவும் ஆய்வுக்கூடத்தில். ஆனாலும் முயன்று பார்க்கக்கூடிய விஷயம்தான்.

ராத்திரி டியூட்டிக்குப் போகிறவர், வயிறு நிறையச் சாப்பிடுவதை ஆறு, ஏழு மணிக்கு வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்பலாம். நள்ளிரவில் பசித்தால் மோரோ, வாழைப்பழமோ, வறுத்த கடலையோ போதும். பேருந்து நிற்கும் இடத்தில் ஓசியில் கிடைக்கிறது என்பதற்காகப் பிரியாணி சாப்பிட வேண்டியதில்லை. டீயை ராத்திரி இரண்டு மணியோடு நிறுத்திக்கொண்டால் வீட்டுக்கு வந்ததும் தூக்கம் பிடிக்கும். காலையில் வந்து இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பசியில் பாதியில் எழ வேண்டியிருக்காது. சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஓட்டுநர்கள் மட்டும் ஷிப்டு மாறும்போதெல்லாம் மாத்திரை நேரத்தைத் தாங்களாக மாற்றிக்கொள்ளாமல், டியூட்டி அட்டவணையை மருத்துவரிடமே காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கையருகில் நாலு மிட்டாயும் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும் அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதலில் அதை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்.